படத்துக்குக் கட்டிய காப்பு

தினசரி நாட்காட்டியில் தாள் கிழிக்கும் உரிமைக்காக வீட்டில் அடித்துக்கொண்டவர்கள் நாம். நம் வயதுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அதன் அருமை தெரியாது. அதனால் இதை உங்களிடமே சொல்கிறேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டே தலை நரைத்தவள் நான். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். "தினமும் ஒரு படம் போடுறீங்களாமே, தினமும் யோசனை எங்கிருந்து வருது?" முன்பெல்லாம் அழகாக எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது பொறுமை போய்விட்டது. யோசனை வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு வைப்பதற்குள் ஒன்று போட்டாக வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களுக்கு முகம் சுருங்கிப்போகிறது. போகட்டும்.

இந்தப் பிடிவாதம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. சொல்லப்போனால் எங்கள் வீட்டில் என் பெயரே அரைகுறை என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஒயர் கூடை பின்ன ஆரம்பித்தேன், நாலு வரிசையோடு நின்றது. அவரைப் பந்தல் போட்டேன், கொடி பந்தலைத் தொடும் முன்பே தண்ணீர் ஊற்ற மறந்தேன். "இவளுக்கு எல்லாமே நாலு நாளைக்குத்தான்" என்று அம்மா ஒறம்பரை வந்தால்கூடச் சொல்வாள். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளிகள். அவர்கள் முன்னால் சொல்வதுதான் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயது. திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போய், அப்புறம் வேலிகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் தோட்டம். இருபது தென்னை, நாலு உருப்படி மாடு, ஒரு கிணறு. அந்த மாசியில் கிணறு அடி தெரிய வற்றிவிட்டது. குடிக்க ஒரு மைல் தள்ளி இருந்த இன்னொரு கிணற்றிலிருந்து அம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லாருக்கும் மண்டைக்குள் தண்ணீர்தான். எனக்கு மட்டும் படம்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன், இனிமேல் தினமும் ஒரு படம் போடப்போகிறேன் என்று. என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அஞ்சாம் நாளு பாக்கலாம்" என்றான். அம்மா சிரித்தாள். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. எப்படியாவது என்னை நானே கட்டிப்போட வேண்டும் என்று தோன்றியது.

கட்டிப்போடும் கயிறு எங்கள் ஊரில் ஒன்றுதான். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டுவார்கள், உங்களுக்குத் தெரியும். மஞ்சள் நூலைக் கையில் கட்டிவிட்டால் கவுச்சி கிடையாது, ஊர் எல்லை தாண்டி ராத்தங்கல் கிடையாது, எடுத்த காரியத்தை நடுவில் விடக் கூடாது. எங்கள் சித்தப்பா வருஷம் முழுக்கக் கள்ளில் மிதப்பவர். நோம்பிக்குக் காப்பு ஏறினால் பதினைந்து நாள் மோர்கூடக் கேட்டுத்தான் குடிப்பார். சித்தப்பாவையே நிறுத்தும் கயிறு என்னை நிறுத்தாதா?

பக்கத்துத் தறிக்கூடத்தில் ஒரு முழம் நூல் கேட்டு வாங்கினேன். மஞ்சளை உரசித் தடவினேன். வேப்பமரத்தடி மாரியம்மன் முன்னால் நின்று, பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு இடது மணிக்கட்டில் முடி போட்டேன். "தாயே, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, நாளுக்கு ஒரு படம் போடறேன். நடுவுல உட்டா என்ற கையை எடுத்துக்கோ." அப்படித்தான் வேண்டினேன். சின்னப் பிள்ளைகளின் வேண்டுதல் எப்போதும் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கும்.

தாளுக்கு எங்கே போவது? நோட்டில் கிழித்தால் பள்ளிக்கூடத்தில் அடி. நாட்காட்டித் தாள்தான் கதி. காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து நேற்றைய தாளைக் கிழித்து, நல்ல நேரம் பார்ப்பார். கிழித்த தாளை அண்ணன் கப்பல் செய்யக் கொத்திக்கொண்டு போவான். அன்றிலிருந்து அவனுக்கு முன்னால் போய் நின்றேன். மெல்லிசான தாள். பின்பக்கம் வெறுமை, ஆனால் முன்பக்கத்துத் தேதி பெரிதாகத் திரும்பித் தெரியும். முதலில் அது எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாளே அதை வேலைக்கு வைத்துக்கொண்டேன். எட்டு வந்தால் எங்கள் கணக்கு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி. பதினொன்று வந்தால் கொக்கின் இரண்டு கால். திரும்பிய இரண்டு ஒரு வாத்து, அதுவும் கோபித்துக்கொண்டு மறுபக்கம் பார்க்கிற வாத்து.

தேதியில் ஒன்றும் தோன்றாத நாளில் புளியங்கொட்டை. ஏழு கொட்டையைத் தரையில் வீசுவேன். தள்ளிப் போய் விழுந்தது தலை, மற்றவை கையும் காலும் வாலும். அண்ணன் வேண்டுமென்றே ஏழையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு, "இத என்ன பண்ணுவே?" என்று கேட்டான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற ஏழு பேரைப் போட்டேன். கடைசி ஆளுக்கு அண்ணனின் காது. அவன் தாளைப் பிடுங்கப் பார்த்து, பிறகு அவனே சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கப்பல் செய்யவில்லை.

வறட்சியும் எனக்குப் படம் கொடுத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வற்றிய கிணற்றுச் சேறு வெடித்திருந்த வெடிப்பில் ஆமைகள் இருந்தன. உரித்த மரவள்ளிக் கிழங்கில் குட்டைக்கால் மனிதர்கள் இருந்தார்கள். தென் ஓரத்தில் ஒரு கல் கிடந்தது, கிடாய் ஒன்று கால் மடக்கி உட்கார்ந்த மாதிரி. அதைப் போட்ட நாளில் படம் அவ்வளவு நன்றாக வந்தது. போட்ட படங்களை ஒரு தகர டப்பாவில் அடுக்கிவைத்தேன். பல வருஷம் கழித்து ஓட்டு ஒழுகலில் அந்த டப்பாவோடு எல்லாம் மக்கிப்போயின. ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

ஐந்தாம் நாள் அம்மா தலைபின்னும்போது காப்பைப் பார்த்துவிட்டாள்.

"இதென்ன அம்முணி கையில? ஆரு கட்டியுட்டா?"

"நானேதானுங்கம்மா."

அம்மாவின் கை பின்னலிலேயே நின்றது. "எதுக்குச் சாமி? தண்ணிக்கா?"

படத்துக்கு என்று சொன்னால் சிரிப்பாள் என்று பயந்தேன். தலையை ஆட்டிவிட்டேன். ஒரு தலையாட்டல்தான். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். "பெரியவங்க எங்க ஒருத்தருக்கும் தோணுலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. தலைச்சுமையாக வந்த தண்ணீரில் எனக்கு மட்டும் காலையில் இரண்டு சொம்பு குளிக்கக் கிடைத்தது. பழைய சோறு எனக்கு இல்லை, புதிதாக வடித்ததுதான். அம்மா தூங்கி எழுந்ததும் என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். பதினைந்து நாள் ஆனது, இருபது நாள் ஆனது. நான் விடவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில், "நாலு நாளைக்கு மேல நிக்க மாட்டாளுன்னு நெனச்சனுங்க, என்ற புள்ள நின்னுட்டா" என்றாள். நான் எதற்காக ஏங்கினேனோ அந்த வார்த்தை. அது பொய்யின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு போர் வண்டிகள் ஊர் ஊராகப் போக ஆரம்பித்திருந்தன. அப்பா ஒரு வண்டியைப் பேசி முடித்தார். ஒருமுறைதான் போர் போடக் காசு இருக்கிறது, தண்ணீர் வராவிட்டால் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டுத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். நீரோட்டம் பார்க்க இரண்டு பேரை அழைத்துவந்தார். ஒருவர் வேப்பங்குச்சியோடு நடந்து கிழக்கே தென்னை ஓரத்தைக் காட்டினார். இன்னொருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்து, தெற்கே கல்லின் பக்கத்தில் காய் எழுந்து நின்றதாகச் சொன்னார். அப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் சித்தப்பாவையும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ரெண்டு எடஞ் சொல்றாங்க சாமி. எனக்கு ஒண்ணும் புடிபடல. நீ வெரதமிருக்கற புள்ள. எதுன்னு காட்டு."

"நானுங்களா?"

"கொளந்த காட்டுனா ஆத்தா காட்டுன மாதிரி" என்றார் சித்தப்பா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தோட்டத்தைப் பார்த்தேன். கிடாய்க் கல் தெரிந்தது. நன்றாக வந்த படம். அதைக் கை நீட்டிக் காட்டினேன். சிரிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் தண்ணீரை ஒரு படம் நன்றாக வந்ததை வைத்து முடிவு செய்தவள் நான்.

முப்பத்துநான்காம் நாள் வண்டி வந்தது. சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். ஊரே கூடிவிட்டது. சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. குழாய் உள்ளே இறங்க இறங்கச் சாம்பல் நிறத்தில் புழுதி குழியிலிருந்து சீறியது. தென்னை, மாடு, ஆட்கள், எல்லாம் ஒரே நிறம் ஆயின. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருந்தாள். ஈரம் தெரிகிறதா என்று எல்லாருக்கும் கண் புழுதியில்தான். சாயங்காலம் வண்டிக்காரர் எஞ்சினைத் தணித்துவிட்டு வந்தார்.

"வெறும் பொகைதானுங்க வருது. நிறுத்தீர்லாமுங்களா?"

"இன்னொரு ராடு எறக்குங்க" என்றார் அப்பா.

இன்னும் ஒன்று இறக்கினார்கள். பிறகு இன்னும் ஒன்று. அப்புறம் அப்பா அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வண்டி கிளம்பியது. ஊர் ஆட்கள் கலைந்தார்கள். அப்பா போய்க் கிடாய்க் கல்மேல் உட்கார்ந்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல். கண் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு ஈரம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் அன்றைய படத்தை இன்னும் போட்டிருக்கவில்லை. எனக்குக் கையைப் பற்றிய பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதையும் மீறி அப்பாவைப் போட வேண்டும் போல் இருந்தது. கொட்டையும் வேண்டாம், தேதியும் வேண்டாம். கண்ணால் பார்த்ததை அப்படியே போட்டது அதுதான் முதல் தடவை. தோள் எப்படிக் கீழே இறங்கியிருந்ததோ அப்படி. பாதி போடும்போது சித்தப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஊடே எளவு ஊடு மாதிரி கெடக்குது, காப்புக் கட்டுன கையில படமா போடறே?" என்று தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார். "இப்பத் தெரியுதுங்களாண்ணா? வெரதக் கையில கிறுக்கிக்கிட்டே இருந்துருக்கறா. அதான் ஆத்தா கண்ணத் தொறக்கல. இனி ஒரு பென்சிலத் தொடக் கூடாது இவ."

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான். பேசாமல் இருந்தால் பொய் தப்பித்துவிடும். ஆனால் தண்ணீர் வராததற்குப் படம் காரணம் என்று ஆகிவிடும், அதன் பிறகு அந்த வீட்டில் நான் எந்தக் காலத்திலும் படம் போட முடியாது. அது எனக்கு அந்த நிமிஷம் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. போய்க் கசங்கிய தாளை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றேன்.

"அப்பா, இது தண்ணிக்குக் கட்டுன காப்பு இல்லீங்க. தெனமும் படம் போடோணும்னு கட்டுனது. அம்மா கேக்கறப்பச் சும்மா தலைய ஆட்டிட்டனுங்க."

அம்மா ஓடிவந்து கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியவள், அதை இறக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். குளிக்க ஊற்றிய தண்ணீரை எல்லாம் நினைத்திருப்பாள். அந்த அறைக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக் காப்பைப் பார்த்தார்.

"அப்ப ஆத்தாகிட்ட நாம ஆருமே தண்ணி கேக்கலியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"கேக்காம அவ எப்படிக் குடுப்பா?" என்றார். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அவ இல்லீன்னு சொல்லல பாத்துக்கோ. நாமதான் கேக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சாம்பல் முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அப்பா கேட்டார், "இன்னும் எத்தன நாளு?"

"பதினாலுங்கப்பா."

"முடிச்சுப்போடு. கட்டுன காப்ப நடுவுல உடறது நல்லாருக்காது."

கசங்கிய தாளை முழங்காலில் வைத்துத் தேய்த்து மீதியைப் போட்டேன். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டேன்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட எழுதியிருக்கிறேன். இப்போது, அன்றைய அப்பாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவளாக யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. சாமி தன்னைக் கைவிட்டுவிட்டது என்று அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு, கைவிடவில்லை என்று நம்ப ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. என் பொய் அதைக் கொடுத்தது. மன்னிப்பெல்லாம் அவருக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. பெரியவர்கள் எப்போதும் நம்மைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று நினைத்தது நம் வயசுக் கோளாறு. மாடுகள் சந்தைக்குப் போயின. தென்னையில் பாதி காய்ந்தது. அடுத்த வருஷம் மழை கொஞ்சம் பெய்து மானாவாரிக் கடலை கைகொடுத்தபோது, அப்பா தன் கையிலேயே காப்புக் கட்டிக்கொண்டு, கிழக்கு ஓரத்தில் போர் போட்டார். தண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீர். மிச்சத் தென்னை பிழைத்தது. குடிக்க அம்மா அப்போதும் அந்த ஒரு மைல் நடந்தாள்.

அது அடுத்த வருஷக் கதை. இந்த வருஷத்தில் இன்னும் பதினான்கு நாள் பாக்கி இருந்தது. அந்தப் பதினான்கு நாளும் அம்மா என்னிடம் பேசவில்லை. பழைய சோறுதான் வைத்தாள். தாளை மட்டும் அப்பா தினமும் கிழித்து, நான் உட்கார்கிற இடத்தில் ஒரு கல்லை வைத்து அமுக்கிவிட்டுப் போவார். எனக்கு வேறு யாரும் ஊக்கம் சொல்லவில்லை. யோசனையும் பல நாள் வரவில்லை. வராமலே போட்டேன். ஒரு நாள் என் கட்டைவிரலையே போட்டேன், இன்னொரு நாள் அந்தக் கட்டைவிரலுக்குத் தலைப்பாகை கட்டினேன்.

நாற்பத்தெட்டாம் நாள் காப்பை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த காப்பைத் தண்ணீரில்தான் விடுவது வழக்கம், கிணற்றிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் கிணற்றில் சேறுகூட இல்லை. "ஆத்துலதான் உடோணும்" என்றார் அப்பா. காலையிலேயே கிளம்பினோம். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வேலிவரை வந்து, "பஸ்ஸுல கைய வெளிய நீட்டாத போ சாமி" என்றாள். பதினான்கு நாளுக்கு அப்புறம் வந்த அந்தச் சாமி என்ற சொல்லுக்கு நான் வழியெல்லாம் அழுதேன்.

பள்ளிபாளையத்தில் இறங்கிக் காவிரிக்கு நடந்தோம். மணல்தான் அதிகம், நடுவில் தண்ணீர் ஓடியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, என்னையும் கைப்பிடித்து இறக்கினார். முடிச்சு இறுகிக்கிடந்தது, மஞ்சள் போய் வெறும் நூலாகியிருந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கிப் படம் போட்டாச்சா?"

"இல்லீங்கப்பா. ஊட்டுக்குப் போயி வெளக்கு வெக்கறதுக்குள்ள போட்டர்றேனுங்க. தாளும் பென்சிலும் இடுப்புலயேதான் வெச்சிருக்கறேன்."

அப்பா முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நாப்பத்தேழுதான ஆச்சு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"கரையேறிப் போய்ப் போடு. நான் இங்கயே நிக்கறேன்."

"வெயிலுங்கப்பா. நீங்களும் மேல வந்து உக்காருங்க."

"காப்பு அவுக்கறதுக்குன்னு எறங்கியாச்சு. அவுக்காம ஏறக் கூடாது. நீ நிதானமாப் போடு."

மணலில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன். அப்பா ஆற்றுக்குள் நின்றார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நான் முடிக்கும்வரை அப்படியே நின்றார். நானும் அவசரப்படவில்லை.